தேடிக்கொண்டிருந்தேனா, தேடி வருகிறேனா?



சென்ற மாதம் ஆங்கிலப் படிவங்களில் பெயர், முகவரி, திகதி ஆகியவற்றை நிரப்பும் முறையைப் பார்த்தோம். இந்த மாதம் படிவத்தை விட்டுக் கடிதத்துக்கு வருவோம். நீங்கள் எனக்குக் காட்டும் ஆங்கிலக் கடிதங்களில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வருகிறது. இலக்கணப் புத்தகத்தில் அது ஒரு சிறிய பிழை. எங்கள் பெண்களின் கடிதங்களில் அது எவ்வளவு பெரியது என்பதை எனக்கு ஓர் அக்கா விளங்கப்படுத்தினார்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து நான் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் வந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் மடித்து மடித்து நைந்துபோன கடதாசிகள்.

“ரீச்சர், இதில என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ” என்று ஒரு கடிதத்தை நீட்டினார்.

ஒரு பக்க ஆங்கிலக் கடிதம். 2010 ஆம் ஆண்டு ஊரில் ஒரு தம்பி எழுதிக் கொடுத்ததாம். அதன் பின் எந்தக் கந்தோருக்குப் போனாலும் அதையே போட்டோப் பிரதி எடுத்து, திகதியை மட்டும் மாற்றிக் கொடுத்து வந்திருக்கிறார். கடைசியாகப் போன இடத்தில் அதை வாசித்த அதிகாரி, மொழிபெயர்ப்பாளர் மூலமாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: “மகனைத் தேடுவதை எப்போது நிறுத்தினீர்கள்?”

“நான் எப்ப ரீச்சர் தேடுறதை நிப்பாட்டினனான்? அப்பிடி ஒரு சொல்லு இதில எங்க கிடக்கு?”

நான் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். ‘நிறுத்தினேன்’ என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் மூன்றாவது வரியில் இப்படி இருந்தது: ‘ஐ வோஸ் சேர்ச்சிங் மை சன்.’ அந்த ‘வோஸ்’ என்ற ஒரு சொல்தான் அவரது தேடலை முடித்து வைத்திருந்தது. கேள்வி கேட்டவரில் பிழை இல்லை. அவர் எழுதியிருந்ததைத்தான் வாசித்தார்.

அந்தத் தம்பியையும் நான் குறை சொல்ல மாட்டேன். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு நானும் ஒரு பாடசாலை விறாந்தையில் இருந்துகொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் அவசர அவசரமாகக் கடிதம் எழுதிக் கொடுத்தவள். எத்தனை கடிதங்களில் எத்தனை ‘வோஸ்’ போட்டேனோ தெரியாது. அதனால்தான் இந்தப் பாடத்தை ஆறுதலாகச் சொல்லித்தர விரும்புகிறேன்.

முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்

ஆங்கிலத்தை ஒரு பக்கம் வையுங்கள். இந்த இரண்டு வசனங்களையும் சத்தமாகச் சொல்லுங்கள்.

‘மகனைத் தேடிக்கொண்டிருந்தேன்.’
‘மகனைத் தேடி வருகிறேன்.’

முதலாவதைச் சொன்னால் கேட்பவர் “பிறகு?” என்று கேட்பார். கிடைத்துவிட்டாரா, தேடுவதை விட்டுவிட்டீர்களா என்று அறிய விரும்புவார். இரண்டாவதைச் சொன்னால் “இன்னும் தேடுகிறீர்களா?” என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதற்கான பதில் ‘வருகிறேன்’ என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அன்று தொடங்கிய தேடல் நடந்து நடந்து இன்றைய நாள் வரை வந்து நிற்கிறது என்பதே அதன் பொருள். பேச்சிலும் நாங்கள் இதைப் பிழைவிடுவதில்லை. முடிந்ததற்குத் ‘தேடிக்கொண்டு நிண்டனான்’ என்போம். முடியாததற்குத் ‘தேடிக்கொண்டு வாறன்’, ‘தேடிக்கொண்டு திரியிறன்’ என்போம்.

ஆங்கிலத்திலும் இதே இரண்டு வகைதான் உண்டு. ‘தேடிக்கொண்டிருந்தேன்’ என்பது ‘ஐ வோஸ் லுக்கிங்’. ‘தேடி வருகிறேன்’ என்பது ‘ஐ ஹாவ் பீன் லுக்கிங்’. முதலாவதைப் புத்தகங்களில் பாஸ்ற் கொன்ரினியூவஸ் என்பார்கள். இரண்டாவதைப் பிரசன்ற் பேர்பெக்ற் கொன்ரினியூவஸ் என்பார்கள். பெயரைப் பாடமாக்க வேண்டியதில்லை. ‘இருந்தேன்’, ‘வருகிறேன்’ என்ற இரண்டு தமிழ்ச் சொற்களையும் நினைவில் வைத்திருந்தால் போதும்.

அப்படியானால் பிழை எங்கே வருகிறது? தமிழில் ‘காலையிலிருந்து நிற்கிறேன்’, ‘ஆறு வருடமாகத் தைக்கிறேன்’ என்றும் சொல்கிறோம். தமிழுக்கு அது சரி. அதை அப்படியே ஆங்கிலமாக்கும்போது ‘ஐ ஆம் வெயிற்றிங் சின்ஸ் மோர்னிங்’ என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஆம்’ என்பது இந்த நேரத்தை மட்டுமே காட்டும். காலையிலிருந்து இதுவரை என்ற நீளத்தை அது காட்டாது. சிலருக்கு ‘ஆம்’ பிழை என்று தெரியும். காரியம் முன்பு தொடங்கியதுதானே என்று எண்ணி அதை ‘வோஸ்’ ஆக மாற்றிவிடுகிறார்கள். பழைய பிழை போய்ப் புதிய பிழை வருகிறது.

எழுதும் முறை

கொப்பியில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

‘இருந்தேன்’ வகை: ஐ, ஹீ, ஷீ, இற் என்பவற்றுடன் ‘வோஸ்’ வரும். வீ, யூ, தே என்பவற்றுடன் ‘வேர்’ வரும். வினைச்சொல்லின் கடைசியில் ‘இங்’ சேரும்.

‘வருகிறேன்’ வகை: ஐ, வீ, யூ, தே என்பவற்றுடன் ‘ஹாவ் பீன்’ வரும். ஹீ, ஷீ, இற் என்பவற்றுடன் ‘ஹாஸ் பீன்’ வரும். வினைச்சொல்லின் கடைசியில் இங்கும் ‘இங்’ சேரும்.

இரண்டாவது வகையுடன் பெரும்பாலும் ‘சின்ஸ்’ அல்லது ‘ஃபோர்’ வரும். தொடங்கிய நாளை, மாதத்தை, ஆண்டைச் சொன்னால் ‘சின்ஸ்’. எவ்வளவு காலம் என்ற நீளத்தைச் சொன்னால் ‘ஃபோர்’. ‘சின்ஸ் 2012’ சரி, ‘ஃபோர் சிக்ஸ் இயர்ஸ்’ சரி. ‘சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்’ பிழை. இன்று வரை தொடரும் காரியத்தைச் சொல்லும்போது ‘சின்ஸ்’ வந்தால் ‘வோஸ்’ வராது. உங்கள் கடிதத்தில் ‘சின்ஸ்’ இருந்தால் அதற்கு முன்னால் ‘ஹாவ்’ அல்லது ‘ஹாஸ்’ இருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். பாதிப் பிழை அதிலேயே பிடிபட்டுவிடும்.

‘வோஸ்’ சரியாக வரும் இடம்

இதை வாசித்துவிட்டு எல்லா இடத்திலும் ‘ஹாவ் பீன்’ போடத் தொடங்கக் கூடாது. ‘வோஸ்’ கட்டாயம் வரவேண்டிய இடம் உண்டு. சத்தியக்கடதாசியிலோ வாக்குமூலத்திலோ ஒரு குறிப்பிட்ட நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொல்லும்போது ‘வோஸ்’தான் வேண்டும்.

‘ஷெல் விழுந்தபோது நான் சமைத்துக்கொண்டிருந்தேன்.’ இது ‘ஐ வோஸ் குக்கிங் வென் த ஷெல் ஃபெல்.’ நீண்டு நடந்துகொண்டிருந்தது சமையல். அதை இடையில் வெட்டியது ஷெல். நீண்டதற்கு ‘வோஸ்’ போட்டு ‘இங்’ சேர்க்கிறோம். வெட்டியதற்குச் சாதாரண இறந்தகாலம்.

‘அவரைக் கொண்டுபோனபோது நான் கேற்றடியில் நின்றுகொண்டிருந்தேன்.’ இது ‘ஐ வோஸ் ஸ்ராண்டிங் அற் த கேற் வென் தே ரூக் ஹிம்.’ இந்த இடத்தில் ‘ஹாவ் பீன் ஸ்ராண்டிங்’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு நேரம் குழம்பும். சம்பவத்தை நேரில் கண்டவர் நீங்கள் என்பதை அந்த ‘வோஸ்’தான் தெளிவாக்குகிறது.

ஆகவே ஒரே கடிதத்தில் இரண்டும் வரலாம். அன்று நடந்ததற்கு ‘வோஸ்’. அன்றிலிருந்து இன்று வரை நடப்பதற்கு ‘ஹாவ் பீன்’. அக்காவின் கடிதத்தில் இந்த இரண்டு காலமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

வேறு கடிதங்களில்

எங்கள் வகுப்பில் ஒரு தங்கை வீட்டிலிருந்து தையல் செய்கிறார். மெசின் வாங்கக் கடன் கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் ‘ஐ வோஸ் சோயிங் ஃபோர் சிக்ஸ் இயர்ஸ்’ என்று எழுதியிருந்தார். வாசிப்பவர் என்ன நினைப்பார்? முன்பு தைத்தவர், இப்போது தொழில் இல்லை என்றுதான் நினைப்பார். நடக்கும் தொழிலுக்குக் கடன் கொடுப்பவர் யோசிப்பார் அல்லவா? ‘ஐ ஹாவ் பீன் சோயிங் ஃபோர் சிக்ஸ் இயர்ஸ்’ என்றால் ஆறு வருடமாகத் தைக்கிறார், இன்றும் தைக்கிறார் என்று பொருள்.

காணி விடயத்திலும் இப்படித்தான். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்து இன்னும் உறவினர் வீட்டில் இருக்கும் ஒருவர் ‘வீ ஹாவ் பீன் லிவிங் இன் எ ரிலேற்றிவ்ஸ் ஹவுஸ் சின்ஸ் 1990’ என்று எழுதவேண்டும். அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இன்றும் புத்தளத்தில் வாழும் முஸ்லிம் சகோதரிக்கும் இதே வசனம்தான். இடத்தின் பெயர் மட்டும் மாறும். ‘வேர் லிவிங்’ என்று எழுதினால் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு.

பத்திரிகையிலும் இதைக் கவனிக்கலாம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் வீதியோரத்தில் போராட்டம் தொடங்கினார்கள். அதன் நூறாவது நாளில் ஆங்கிலத்தில் செய்தி எழுதுபவர் ‘தே ஹாவ் பீன் புரொட்டெஸ்ரிங் ஃபோர் எ ஹன்ட்ரட் டேய்ஸ்’ என்றே எழுதவேண்டும். அங்கே ‘வேர்’ போட்டால், வாசிப்பவர் அவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள் என்று விளங்கிக்கொள்வார்.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று, ‘சேர்ச்’ என்ற சொல். ‘சேர்ச்சிங் மை சன்’ என்றால் மகனின் உடலையும் பொக்கற்றையும் சோதித்துப் பார்ப்பது. சோதனைச் சாவடியில் எங்களுக்குச் செய்தது அது. காணாத ஒருவரைத் தேடுவதற்கு ‘சேர்ச்சிங் ஃபோர்’ என்று எழுதவேண்டும். ‘லுக்கிங் ஃபோர்’ இன்னும் இலகு. அந்தச் சிறிய ‘ஃபோர்’ விடுபட்டால் பொருளே மாறிவிடும்.

இரண்டு, ‘மிஸ்ஸிங்’ என்ற சொல். கணவரைக் காணவில்லை என்பதற்கு ‘மை ஹஸ்பன்ட் ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் 2008’ என்று எழுதுங்கள். ‘வோஸ் மிஸ்ஸிங்’ என்றால் அன்று காணவில்லை, பிறகு கண்டுபிடிக்கப்பட்டார் என்றும் கொள்ளலாம். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் பின், காணாமற்போனவரின் குடும்பம் மரணச் சான்றிதழ் எடுக்காமல், ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெற வழி உண்டு. அந்தச் சான்றிதழுக்கும் ‘ஹாஸ் பீன் மிஸ்ஸிங்’ என்ற வசனத்துக்கும் பொருள் ஒன்றே: இவரை இன்று வரை காணவில்லை.

மூன்று, எல்லா வினைச்சொல்லுக்கும் ‘இங்’ சேராது. தெரியும் என்பதைக் குறிக்கும் ‘நோ’ போன்ற சொற்களுக்குச் சேராது. ‘அவரை 1995 இலிருந்து தெரியும்’ என்பதற்கு ‘ஐ ஹாவ் நோன் ஹேர் சின்ஸ் 1995’ என்று எழுதவேண்டும். ‘ஹாவ் பீன் நோயிங்’ என்று ஆங்கிலத்தில் எழுதுவதில்லை.

முடிந்ததை முடிந்ததாக எழுதுங்கள்

இந்தப் பாடத்தை நடத்திய அடுத்த கிழமை ஒரு பிள்ளை தன் வாழ்க்கையைப் பற்றிப் பத்து வசனம் எழுதி வந்தார். அதில் ஒன்று, ‘வீ ஹாவ் பீன் லிவிங் இன் மெனிக் பாம்.’ செட்டிக்குளத்திலிருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அவரும் குடும்பமும் ஊருக்குத் திரும்பி, வீடு கட்டி, கிணறும் துப்புரவாக்கியாயிற்று.

“பிள்ளை, நீங்கள் இப்பவும் முகாமிலயா இருக்கிறீங்கள்?” என்று கேட்டேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இல்லை ரீச்சர். அது முடிஞ்சுதுதானே” என்றார்.

முடிந்த காலத்தின் நீளத்தை மட்டும் சொல்வதானால் சாதாரண இறந்தகாலமே போதும்: ‘வீ லிவ்ட் தெயர் ஃபோர் த்ரீ இயர்ஸ்.’ அந்தக் காலத்தில் நடந்த ஒன்றைச் சேர்த்துச் சொல்வதானால் ‘வேர்’ வரும்: ‘வீ வேர் லிவிங் இன் த காம்ப் வென் மை டோட்டர் வோஸ் போர்ன்.’ நாங்கள் முகாமில் இருந்தபோது மகள் பிறந்தாள். இப்போது மகள் இருக்கிறாள், முகாம் இல்லை. ஆங்கில வசனமும் அதையே சொல்கிறது.

இன்னும் ஒரு விடயம். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும் என்று நினைக்க வேண்டாம். 1987 இன் 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் எங்களுக்கு உரிமை உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில் அனுப்பும்போதுகூட, தமிழில் எழுதிக் கையொப்பமிட்ட கடிதத்தையும் சேர்த்து இணையுங்கள். ஆங்கிலத்தில் ‘வோஸ்’ என்று தவறி வந்தாலும், தமிழில் ‘தேடி வருகிறேன்’ என்று உங்கள் சொல் நிற்கும். வேறு யாராவது எழுதிக் கொடுத்தால், வசனம் வசனமாகத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். கையொப்பம் உங்களுடையது.

அன்று அந்த அக்காவும் நானும் மேசையில் இருந்து கடிதத்தைப் புதிதாக எழுதினோம். மூன்றாவது வரி இப்போது இப்படி இருக்கிறது: ‘ஐ ஹாவ் பீன் லுக்கிங் ஃபோர் மை சன் சின்ஸ் ஏப்ரல் 2009.’ ‘இத்தனை வருடமாக’ என்று எண்ணிக்கை போட்டால் ஒவ்வொரு வருடமும் மாற்றவேண்டி வரும். ‘சின்ஸ்’ போட்டால் மாற்றத் தேவையில்லை. எந்த நாளில் யார் வாசித்தாலும், 2009 ஏப்ரலிலிருந்து அந்த நாள் வரை என்று அது தானே கணக்குச் சொல்லும். இதை விளங்கப்படுத்தியதும் அவர் பேனையை வாங்கி, அந்த ஒரு வரியைத் தன் கையாலேயே பார்த்து எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்கக் கால்மணித்தியாலம் எடுத்தது.

பிறகு பையை மடித்துக்கொண்டு எழும்பும்போது சொன்னார்: “அவன் வந்தாப் பிறகு ‘வோஸ்’ எண்டு போடுவம், ரீச்சர்.”

“ஓம் அக்கா. அண்டைக்கு நானே எழுதித் தாறன்” என்றேன்.

பயிற்சி

கீழுள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். முதலில் ‘இருந்தேன்’ வகையா, ‘வருகிறேன்’ வகையா என்று தீர்மானியுங்கள். பிறகு கீழே உள்ள விடைகளைப் பாருங்கள்.

1. நான் காலையிலிருந்து காத்து நிற்கிறேன்.
2. நீங்கள் தொலைபேசி எடுத்தபோது நான் தைத்துக்கொண்டிருந்தேன்.
3. அவர் மூன்று மாதமாக இங்கே வேலை செய்து வருகிறார். (பெண்)
4. நேற்று ஐந்து மணிக்கு மழை பெய்துகொண்டிருந்தது.
5. நாங்கள் 2012 இலிருந்து இந்தக் காணியில் பயிர் செய்து வருகிறோம்.

விடைகள்

1. ஐ ஹாவ் பீன் வெயிற்றிங் சின்ஸ் மோர்னிங்.
2. ஐ வோஸ் சோயிங் வென் யூ கோல்ட்.
3. ஷீ ஹாஸ் பீன் வேர்க்கிங் ஹியர் ஃபோர் த்ரீ மந்த்ஸ்.
4. இற் வோஸ் ரெயினிங் அற் ஃபைவ் ஓ குளொக் யெஸ்ரர்டே.
5. வீ ஹாவ் பீன் கல்ற்றிவேற்றிங் திஸ் லாண்ட் சின்ஸ் 2012.

ஐந்தில் மூன்று சரியென்றால் நன்று. பிழைத்தவற்றைத் தமிழில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிட்டு மீண்டும் எழுதுங்கள். அடுத்த மாதம் ஆங்கிலக் கடிதத்தை எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்று பார்ப்போம். கொப்பியைப் பத்திரமாக வைத்திருங்கள்.